சூடானால் நின்றுபோன வாட்டர் பம்ப்: ஒரு பிஎம்டபிள்யூ 325ஐ நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் 2009-ல் பதிவான பிஎம்டபிள்யூ 325ஐ, ஈ90 தலைமுறை, பெட்ரோல். பிஎம்டபிள்யூ 2007 முதல் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் உள்ள ஆலையில் பாகங்களை இணைத்துக் கார்களைத் தயாரித்து வருகிறது. அங்கே முதலில் தயாரானது 3 சீரிஸ்தான். அந்தக் கார்களில் பல இன்று இரண்டு மூன்று கை மாறி, வாரண்டியெல்லாம் முடிந்து, எங்களைப் போன்ற வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கு வருகின்றன. இந்தக் காரும் அப்படி வந்ததுதான். உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர், இரண்டாவது கை. ஓடோமீட்டர் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. வாட்டர் பம்ப் கம்பெனியில் போட்டதே. ஒருமுறையும் மாற்றியதாகப் பதிவு இல்லை.

உள்ளே இருப்பது என்52 இன்ஜின். 2,497 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர். இந்த இன்ஜினைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரியாமல் இந்த நிகழ்வு புரியாது.

முதலாவது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் இதில் பெல்ட்டில் ஓடுவதில்லை. அதற்குள்ளேயே ஒரு மின் மோட்டாரும் அதை ஓட்டும் எலக்ட்ரானிக்ஸ் போர்டும் இருக்கின்றன. பெல்ட் பம்ப் என்றால் இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அந்த அளவுக்கு அதுவும் சுற்றியாக வேண்டும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இங்கே எப்போது எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்கிறது. பெல்ட் பம்ப் உச்சத்தில் 2 கிலோவாட் வரை இன்ஜினிடமிருந்து இழுக்கும். இந்த மின் பம்ப் 200 வாட்டில் வேலையை முடிக்கிறது. அதோடு கம்ப்யூட்டர் கூலண்ட் சூட்டையும் நிலைமைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளும். நிதானமாக ஓட்டினால் 112 டிகிரி வரை விடும், சாதாரணமாக 105, ஆக்சிலேட்டரை அழுத்தினால் 95-க்கு இறக்கும். பழைய கார்களில் 90-ஐப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண்களே பயமுறுத்தும், ஆனால் இந்த இன்ஜினுக்கு இது இயல்பு.

இரண்டாவது, பிளாக், அதாவது இன்ஜினின் உடல். நடுவில், சிலிண்டரும் கூலண்ட் ஓடும் வழியும் உள்ள பகுதி அலுமினியம். அதைச் சுற்றி வார்த்திருக்கும் வெளிக்கூடு மெக்னீசியம். எடை குறைய வேண்டும் என்பதற்காகச் செய்தது. இந்த மெக்னீசியம் பின்னால் போல்ட் விஷயத்தில் வரும்.

ஈ90 டேஷ்போர்டில் கூலண்ட் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. அளவு மீறினால் மஞ்சள் விளக்கு, இன்னும் ஏறினால் சிவப்பு. அதற்கு முன்னால் ஓட்டுபவருக்கு எந்தக் குறிப்பும் கிடைக்காது.

எங்களிடம் வருவதற்கு முன்

முதல் தடவை ஜி.எஸ்.டி. சாலையில், மாலை நெரிசலில். ஏசி காற்று சூடாக வர ஆரம்பித்தது, ஃபேன் இரைச்சல் எழுந்தது, மஞ்சள் விளக்கு எரிந்தது. உரிமையாளர் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டார். நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் இல்லை, வீடு வந்து சேர்ந்தார். அதன்பின் சில நாள் சாதாரணமாகவே ஓடியது.

இரண்டாவது தடவை சிவப்பு விளக்கே வந்துவிட்டது. அப்போதும் அவர் ஓட்டவில்லை, மீட்பு வண்டியை வரவழைத்தார். பின்னால் நடந்த எல்லாவற்றையும்விட இந்த இன்ஜினைக் காப்பாற்றியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிவப்பு விளக்கோடு “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று ஓட்டிய வண்டிகளில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, அதன் அடியில் உள்ள சீலான கேஸ்கெட் போய், இன்ஜினையே இறக்க வேண்டிவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மீட்பு வண்டி பக்கத்திலிருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறக்கியது. அங்கே லீக் தேடினார்கள், இல்லை. ரேடியேட்டரின் கீழ் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார்கள்: இன்ஜின் கொதிக்கிறது, ஹோஸ் சில்லென்று இருக்கிறது. கூலண்டை ரேடியேட்டர் வழியாகத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று முடிவு செய்து, அதை மாற்றி, டேங்க் மூடியையும் மாற்றி, போர் தண்ணீரால் நிரப்பி அனுப்பினார்கள். அவர்கள் யோசித்த விதத்தை முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கினால் கீழ் ஹோஸ் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் பம்ப் சுற்றாவிட்டாலும் அப்படியேதான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

சில நாளில் கார் மூன்றாவது முறையும் சூடானது. அப்புறம்தான் எங்களிடம் வந்தது.

வந்த அன்று கவனித்தவை

வந்தபோது இன்ஜின் ஆறியிருந்தது. டேங்கில் கூலண்ட் அளவு சரி. ஆனால் நீல நிறம் வெளுத்து, தண்ணீர்தான் அதிகம் என்று பார்த்ததுமே தெரிந்தது. 1.5 பார் அழுத்தம் ஏற்றிவைத்தோம், இறங்கவில்லை; வெளியே லீக் இல்லை. ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற கலங்கல் இல்லை; ஆயிலில் கூலண்ட் கலந்த அடையாளம் இல்லை.

உரிமையாளரிடம் ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது தடவையைச் சொல்லும்போது அவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரிதான் திருப்பம்.

“சூடானா ஹீட்டரைப் போட்டா கொஞ்சம் இறங்கும்னு எங்கேயோ கேட்டிருந்தேன் தம்பி. ஃபுல்லா திருப்பினேன். வெறும் காத்துதான் வந்துச்சு.”

“சில்லுன்னா சார்?”

“சில்லுன்னும் இல்ல, சூடாவும் இல்ல. அந்த ஒர்க்‌ஷாப்பிலயும் சொல்லத் தோணல.”

ஹீட்டருக்குப் போகும் கூலண்ட் ரேடியேட்டர் வழியாகப் போவதில்லை. தெர்மோஸ்டாட் மூடியிருந்தாலும் பம்ப் சுற்றினால் ஹீட்டருக்குச் சூடான கூலண்ட் போய்க்கொண்டே இருக்கும், காற்று அனலாக அடிக்கும். இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டர் காற்றில் சூடே இல்லை என்றால், கூலண்ட் குறைந்திருக்க வேண்டும், அல்லது உள்ளே காற்று அடைத்திருக்க வேண்டும், அல்லது கூலண்ட் சுற்றவே இல்லை. இங்கே அளவு குறையவில்லை. சந்தேகம் பம்ப் பக்கம் சாய்ந்தது. சென்னையில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை; அதனால் இந்தக் கேள்வி இங்கே யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

ஸ்கேனரை மாட்டியதும் இரண்டு ஃபால்ட் கோடுகள் (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்கள்) இருந்தன. 2ஈ81: சொன்ன வேகத்துக்கும் பம்ப் ஓடிய வேகத்துக்கும் வித்தியாசம். 2ஈ82: பம்ப் தானாக நின்றுவிட்டது. பம்போடு தொடர்பே இல்லை என்று சொல்லும் 2ஈ84 பதிவாகவில்லை.

பம்பா, வயரிங்கா

கோடைப் பார்த்ததும் பம்பை ஆர்டர் செய்துவிடலாம். பலர் செய்வார்கள், பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். ஆனால் இந்தப் பம்ப் மலிவான சாமான் இல்லை, ஏற்கெனவே ஒருமுறை வேறு பாகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தவர் இவர். அதனால் பம்பைத் தவிர மற்ற சாத்தியங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் சொல்வது என்று முடிவு செய்தோம்.

முதலில் கரண்ட். பம்ப் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் மீட்டருக்கு முழு வோல்ட்டைக் காட்டும். பம்ப் இழுக்கும்போதுதான் படுத்துவிடும். எனவே 55 வாட் ஹெட்லைட் பல்புகள் இரண்டை கனெக்டரில் இணைத்து எரியவிட்டு, அந்தச் சுமையோடு அளந்தோம். பேட்டரியில் இருந்த வோல்ட்டுக்கும் இங்கே கிடைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, பவர் வயரும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன.

அடுத்தது தகவல் போகும் வயர். கம்ப்யூட்டர் பம்போடு பேசும் அந்த ஒற்றை வயரை ஆல்டர்னேட்டர், பேட்டரி சென்சார், ஆயில் சென்சார் எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டாலும் பம்பின் மேல் பழி விழலாம். ஆனால் இந்தப் பம்ப் தன் வேகத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தது, மற்றவற்றிலும் கோடு எதுவும் இல்லை. பேச்சில் குறையில்லை.

கடைசியாக, பம்பை ஓட்டிப் பார்ப்பது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்கேனரிலிருந்து கட்டளை கொடுத்தால் சொன்ன வேகத்தில் ஒழுங்காக ஓடியது. எங்கள் இளம் டெக்னீஷியன், “அண்ணே, பம்ப் நல்லா இருக்கே” என்றார். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கார் ‘குறையில்லை’ என்று திரும்பிப் போயிருக்கும். ஏசியைப் போட்டு, பானெட்டை மூடி, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, திரையில் மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டோம்: கேட்ட வேகம், ஓடும் வேகம், கூலண்ட் சூடு. நெடுநேரம் இரண்டு வேகங்களும் ஒட்டியே ஓடின. சூடு நூறைத் தாண்டிக் கொஞ்ச நேரம் கழித்து ஓடும் வேகம் தள்ளாட ஆரம்பித்தது. கேட்பது ஏறுகிறது, ஓடுவது இறங்குகிறது. பிறகு பூஜ்யம். கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்த்தது. பம்ப் ஒரு தடவை எழுந்து மறுபடி விழுந்தது. சூடு 115-ஐத் தொட்டதும் இன்ஜினை அணைத்தோம். ஹீட்டர் துவாரத்தில் கை வைத்துப் பார்த்தேன், உரிமையாளர் சொன்னபடியே வெறும் காற்று.

பம்பின் எலக்ட்ரானிக்ஸ் சூட்டில் விழுகிறது, ஆறினால் எழுகிறது. நெரிசலில் வந்து மறுநாள் காணாமல் போன கோளாறுக்கு இதுவே விளக்கம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பம்பைச் சொல்வதற்கு முன் இன்ஜின் பிழைத்திருக்கிறதா என்று உறுதி செய்தோம். மூன்று முறை சூடான இன்ஜின். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் புதுப் பம்ப் வீண் செலவு. கூலண்ட் டேங்கின் வாயில் சோதனைக் குழாயை வைத்து ஆவியை நீலத் திரவத்தின் வழியே இழுத்தோம். சிலிண்டர் புகை கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நீலமாகவே நின்றது.

அடுத்து, எந்தப் பம்ப்? பாதிக்கும் குறைந்த விலையில் பெயரில்லாத பம்புகள் கிடைக்கின்றன. பெல்ட் பம்ப் என்றால் நல்ல நகலைப் பரிசீலிக்கலாம். பேரிங்கும் சீலும் கூலண்டைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரும்தானே. இங்கே கெட்டது போர்டு. நகலில் போர்டு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை, நடுவழியில் நின்றால்தான் தெரியும். ஒரிஜினல் அல்லது கார் கம்பெனிக்கே செய்து கொடுப்பவரின் பம்ப், இரண்டில் ஒன்றுதான் போடுவோம் என்றோம். உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.

தெர்மோஸ்டாட்டில்தான் விவாதம். “அது புதுசாச்சே, இப்பதானே போட்டாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் போட்டிருந்தது பெயரில்லாத சாமான், பம்புக்குப் பக்கத்திலேயே இருப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஹோஸ். கூலண்டை வடிப்பது, அடித்தட்டைக் கழற்றுவது, ஏர் எடுப்பது (உள்ளே அடைத்த காற்றை வெளியேற்றுவது) எல்லாம் இரண்டுக்கும் ஒன்று. இந்தத் தெர்மோஸ்டாட்டும் கம்ப்யூட்டர் சொல்படி நடப்பது. பின்னால் அது தகராறு செய்தால் முழுக் கூலியும் மறுபடி. இதைக் கூட்டிக் காட்டினோம். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பிறகு போல்ட். பம்பை இன்ஜினில் பிடித்திருப்பது மூன்று அலுமினிய போல்ட்டுகள். முறுக்கும்போது நீளும்படி செய்தவை. ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக்கூடாது. பம்ப் வந்துவிட்டது, போல்ட் வரவில்லை. பெட்டியில் கூட வரும் என்று நினைப்பார்கள், எல்லாப் பெட்டியிலும் வராது. கார் லிஃப்ட்டில் நிற்கிறது, அதே அளவு ஸ்டீல் போல்ட் கையில் இருக்கிறது. “ஸ்டீல் இன்னும் பலம்தானே?” என்று உரிமையாளர் கேட்டார், அவசரம் அவருக்கு. பலம்தான். ஆனால் அது இறங்குவது மெக்னீசியத்தில். ஸ்டீலும் மெக்னீசியமும் ஈரத்தோடு சேர்ந்தால் மெக்னீசியம் அரித்துப்போகும். நம் ஊர் மழையிலும் கடல் காற்றிலும் அது நடக்க நெடுநாள் ஆகாது. அரித்த மரையில், அதாவது போல்ட் இறங்கும் திருகு வரிகளில், போல்ட் பிடிக்காது. பிளாக்கில் மரை போனால் அது பம்ப் விலையில் முடியும் வேலை அல்ல. சரியான போல்ட் வரும்வரை கார் நின்றது.

மாற்றிய விதம்

கீழிருந்துதான் வேலை. அடித்தட்டு கழற்றி, ஆன்டி-ரோல் பாரை இறக்கினால் கை போகும். கூலண்டை வடித்தபோது அடியில் வெள்ளைப் பொடி படிந்தது. தெர்மோஸ்டாட் வாயிலும் அதே உப்பு, விரலால் சுரண்டினால் வந்தது. போர் தண்ணீர் உள்ளே இருந்தது கொஞ்ச காலம்தான், அதற்குள் இவ்வளவு.

பழைய போல்ட்டுகளில் இரண்டு எளிதாக வந்தன. மூன்றாவதின் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. அலுமினிய போல்ட்டில் வேகம் காட்டினால் தலை தனியாக வந்துவிடும். இம்பாக்ட் கன்னைத் தொடவேண்டாம் என்று சொல்லி, கை ராட்செட்டில் கால் சுற்று கழற்றி, திரும்ப முறுக்கி, மறுபடி கழற்றி, மெல்ல எடுத்தோம். மரையைத் துடைத்து, புது போல்ட்டுகளைக் கையால் இறக்கி, டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு முறுக்கி, அதற்கு மேல் சொன்ன கோணம் வரை திருப்பினோம். பம்ப் ஹோஸ்களின் க்ளிப்புகளையும் புதிதாகவே போட்டோம்.

கழற்றிய பழைய பம்பை உரிமையாளரிடம் கொடுத்தேன். இம்பெல்லரை விரலால் சுற்றிப் பார்த்தார். உள்ளே காந்தம் இருப்பதால் கட்டை கட்டையாக, ஆனால் ஒழுங்காகச் சுற்றியது. ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை, கசிவுக் கறை இல்லை. கையில் வைத்துப் பார்த்தால் நல்ல பம்ப். கண்ணையும் கையையும் மட்டும் நம்பிப் பார்த்த முந்தைய ஒர்க்‌ஷாப்புக்கு ஏன் இது பிடிபடவில்லை என்பது அப்போது அவருக்கே புரிந்தது.

நிரப்பியதும் ஏர் எடுத்ததும்

உள்ளே மிச்சமிருந்த போர் தண்ணீர் போக டிஸ்டில்டு வாட்டரால் அலசினோம், வடியும் நீர் தெளிவாகும்வரை. பிறகு இந்தக் காருக்கான நீலக் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. மொத்தம் எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும்.

ஏர் எடுக்கும் முறையைப் பலர் தவறவிடுகிறார்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன். பழைய கார்களில் இன்ஜினை ஓடவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை காத்திருப்போம். இதில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பேட்டரியில் சார்ஜரை மாட்ட வேண்டும், ஏனென்றால் பம்ப் நெடுநேரம் பேட்டரியில் ஓடப்போகிறது. டேங்கை நிரப்பி மூடி, இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில், ஊதலை ஆகக் குறைந்த அளவில் வைக்க வேண்டும். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து 10 வினாடி பிடித்தால் பம்ப் தானாகக் கிளம்பும். சுமார் 12 நிமிடம் வேகத்தை மாற்றி மாற்றி ஓடி, உள்ளே அடைத்த காற்றைத் தள்ளிவிட்டு, தானே நிற்கும். அப்புறம் டேங்கைத் திறந்து குறைந்ததை நிரப்ப வேண்டும். இங்கே முதல் சுற்றில் அளவு நன்றாகவே இறங்கியது. நிரப்பிவிட்டு, இக்னிஷனை அணைத்துச் சில நிமிடம் விட்டு, இன்னொரு சுற்று ஓடவிட்டோம். அதில் அளவு அசையவில்லை.

பிறகு நடந்தது

கோடுகளை அழித்துவிட்டு அதே சோதனையை மறுபடி செய்தோம்: ஏசி, மூடிய பானெட், நின்ற இடம். கேட்ட வேகமும் ஓடிய வேகமும் பிரியவில்லை. சூடு 105-ஐச் சுற்றியே நின்றது. ஹீட்டரைத் திருப்பினால் அனல் அடித்தது. அதன்பின் மாலை நெரிசலில் ஸ்கேனரோடு ஓட்டிப் பார்த்தோம். நெரிசல் விட்டு ஆக்சிலேட்டரை அழுத்தியபோது சூடு கீழே இறங்கியதையும் பார்க்க முடிந்தது. தெர்மோஸ்டாட்டும் சொன்னதைக் கேட்கிறது.

சில வாரம் கழித்து உரிமையாளரை ஒருமுறை வரச் சொல்லியிருந்தோம். கூலண்ட் அளவு அப்படியே, கோடு எதுவும் திரும்பவில்லை. புகைச் சோதனையையும் மறுபடி செய்தோம், நீலம் மாறவில்லை. இடையில் திண்டிவனம்வரை போய்வந்ததாகச் சொன்னார்.

இதைக் கார் கம்பெனியின் குறை என்று நான் எண்ணவில்லை. பத்து வருடத்துக்கு மேல் இன்ஜினோடு ஒட்டி, அதன் சூட்டிலேயே ஓடிய எலக்ட்ரானிக்ஸ் அது. மின் பம்ப் உள்ள எந்தக் காரிலும் அந்த வயதில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இனி மாற்றிச் செய்பவை

ஓவர்ஹீட் என்று வரும் எந்த வண்டிக்கும் வரவேற்புப் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: சூடானபோது ஹீட்டர் போட்டீர்களா, காற்று எப்படி வந்தது? போடாதவர் என்றால், நாங்களே சூடாக்கிப் பார்க்கும்போது துவாரத்தில் கை வைத்துப் பார்த்து எழுதிக்கொள்கிறோம். செலவில்லாத சோதனை, பெல்ட் பம்ப் உள்ள கார்களுக்கும் பொருந்தும்.

மின் பம்பை ஆறிய நிலையில் மட்டும் ஓட்டிப் பார்த்து ‘சரி’ போடுவதில்லை. இரண்டு வேகங்களும் சூட்டில் ஒட்டி ஓடுகின்றனவா என்று பார்த்தபின்தான் கையெழுத்து.

என்52 பம்புக்கான அலுமினிய போல்ட்டுகளை இரண்டு செட் எப்போதும் அலமாரியில் வைத்திருக்கிறோம். இந்தக் கார் லிஃப்ட்டில் காத்திருந்த நாட்களில் பெரும்பகுதி அந்த மூன்று போல்ட்டுகளுக்காகப் போனது.

ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் இந்த வகைக் கார்கள் வேறு வேலைக்கு வந்தாலும் பம்பின் கோடுகளைப் படித்துப் பார்க்கிறோம். 2ஈ81 ஒரே ஒரு முறை பதிவாகியிருந்தாலும் உரிமையாளரிடம் சொல்லி, விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்து அனுப்புகிறோம். மஞ்சள் வந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதும் திருப்பி, கிடைத்த முதல் ஓரத்தில் நிறுத்தவும். சிவப்பு வந்தால் இன்ஜினை உடனே அணைத்து மீட்பு வண்டியைக் கூப்பிடவும். ஆறும்வரை டேங்க் மூடியைத் திறக்க வேண்டாம்.